அளந்து வைத்த ஸ்பீக்கர்

காளவாசல் வீட்டு ஹாலில் புது ஸ்பீக்கர் இரண்டையும் வைக்க, முத்துப்பாண்டி மூன்று நாளாக அளவு டேப்பும் கையுமாய் அலைந்தான். சுவரை விட்டு நாலடி தள்ளி வைத்தால்தான் சத்தம் சுத்தமாக வருமாம். அதற்காகச் சோபா மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் காய்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் இரண்டுக்கும் நட்டநடுவே ஒரே ஒரு நாற்காலி போட்டு, மகாராஜா மாதிரி சாய்ந்து கண்ணை மூடினான். "போடு!" என்றான் மனைவி ஜெயக்கொடியிடம்.

சற்று நேரத்தில் பாட்டு அதிர்ந்தது.

"கேட்டியா? கடைசியா அரையடி நகத்துனதுக்கே எம்புட்டு வித்தியாசம்!"

"அது பக்கத்துத் தெரு காதுகுத்து வீட்டுல கட்டுன குழாய் ஸ்பீக்கரு," என்றாள் ஜெயக்கொடி, கையிலிருந்த பிளக்கைத் தூக்கிக் காட்டி. "நீங்க தள்ளி வச்சதுல நம்ம வயரு சுவத்துக்கு எட்டவே இல்ல."