கீழாநெல்லியும் காய்ச்சல் மாத்திரையும்

உடையப்பனின் உள்ளங்கை மஞ்சளாக இருப்பதைக் கங்கா முதலில் கண்டது, அவன் கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பால் கறை என்றான் அவன். ரப்பர்ப் பால் காய்ந்தால் கறுத்துத்தான் போகும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த வாரம் மஞ்சள் கழுத்துக்கு ஏறியது. பிறகு முகத்துக்கு.

அவனுடைய அண்ணன் ஜப்பான்காரர்களால் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தபோது இந்த நிறத்தில்தான் இருந்தான். வந்தவன் அதிக நாள் இருக்கவில்லை. அந்தச் சாவைப் பற்றி உடையப்பன் யாரிடமும் பேசியதில்லை. இப்போது அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருக்கும்போது, பேசாமல் விட்டதெல்லாம் கங்காவுக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டு வேலம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்.

"காமாலைடி. இதுக்கு யாரக் கேக்கணும்? கீழாநெல்லிய வேரோட புடுங்கி அரச்சு மோருல குடு. வெறும் வயித்துல. உப்பு ஆகாது, எண்ண ஆகாது, கருவாடு கண்ணுல படக்கூடாது."

கீழாநெல்லிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கால்வாய் ஓரத்திலேயே முளைத்துக் கிடந்தது. மோருக்குத்தான் பாடு. பால்காரர் கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் ஊற்றிக் கொடுப்பார், அதுவும் காவல்காரர் பார்த்துக்கொண்டிருக்க. மலாயாவில் அவசரகாலம் வந்து மூன்றாவது வருஷம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காலையில் வேலைக்கு வெளியே போகிறவர்கள் சீனி போடாத காப்பியை மட்டும் கொண்டு போகலாம். ஒரு பிடி சோறோ ஒரு மாத்திரையோ கம்பியைத் தாண்டினால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டு போவதாகத்தான் அர்த்தம். அப்படிப் பிடிபட்டுப் போனவர்களில் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் இன்னும் திரும்பவில்லை.

உடையப்பன் பத்தியத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டான். உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு வெயில் ஏறும்வரை மரம் சீவினான். கன்னம் ஒட்டியது. பால் வாளியை இரண்டு மரத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்தான். ராத்திரியில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தான்.

"என்னங்க?"

"அண்ணன் வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு வா, வான்னுது."

அவள் விளக்கை ஏற்றினாள். விடியும்வரை அதை அணைக்கவில்லை.

டிரசர் கொர்னேலியஸிடம் காட்டலாம் என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தோட்டத்து மருந்தகம் அவர் பொறுப்பு. உடையப்பன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். காமாலை என்று தெரிந்தால் லோரியில் ஏற்றிக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அண்ணனும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனான். "போனா இங்கயே போறேன்" என்றான். அதன்பின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எல்லாருமே மஞ்சள்தான்.

அந்தப் பெரட்டில்தான் டிரசர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காய்ச்சல் மாத்திரை வைப்பார். மலேரியா வராமலிருக்க. மஞ்சள் நிறம், நாக்கில் பட்டால் மதியம்வரை போகாத கசப்பு. செரண்டாப் பக்கத் தோட்டங்களில் வேறொரு வெள்ளை மாத்திரை வந்துவிட்டதாகப் பேச்சு. இங்கே இன்னும் பழையதுதான். ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி எதிரே நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஆட்கள் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் துப்புவார்கள். அந்த மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு லயம் முழுக்க இருந்தது.

கங்கா முதல் நாளே வெறும் வயிற்றில் விழுங்கி, பெரட்டிலேயே வாந்தி எடுத்தாள். நோயாளி என்று பேரை வெட்டி, அன்றைக்குக் கூலி இல்லாமல் ஆக்கினார் சன்னாசி. அதன்பின் அவளும் கன்னத்தில் ஒதுக்கினாள். ஆனால் துப்பவில்லை. மருந்தைத் துப்புவது அவளுக்குச் சோற்றைக் கொட்டுவதைப் போல இருந்தது. போன வருஷம் குளிர்காய்ச்சலில் உடையப்பனுக்குப் போர்வைக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதை அவள் மறக்கவில்லை. மாத்திரையைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போய், பக்கத்துப் பக்கத்து மர நிரையில் வேலை செய்யும்போது காப்பியோடு அவனுக்குக் கொடுத்துவிடுவாள். அவன் தன்னுடையதையும் ஒழுங்காக விழுங்குகிறவன். ஒன்று காக்கும் என்றால் இரண்டு இன்னும் நன்றாகக் காக்குமே.

அவனுக்குக் காமாலை என்று ஆனபின் அதில் அவள் இன்னும் கண்ணாக இருந்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"கீழாநெல்லிக்கு அசையலன்னா சூடுதான்" என்றாள் வேலம்மா. "மஞ்சக் கெழங்க நெருப்புல காட்டி மணிக்கட்டுல வச்சா, உள்ள இருக்கற பித்தமெல்லாம் எறங்கிடும். வர்ற வெள்ளிக்கெழமை வச்சிருவோம்."

உடையப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். சரி என்றான்.

வியாழக்கிழமை காலை, கம்பிவேலி வாசலில் பெண்களைச் சோதிக்கும் முரியல், கங்காவின் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு விடவில்லை. முரியல் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் தங்கை. வழக்கமாக இடுப்பைத் தடவிவிட்டு, வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவாள். அன்று மழைத் தூறல். ஈர முந்தானையில் ஒரு காசளவுக்கு மஞ்சள் ஊறியிருந்தது.

"இது என்ன?"

கங்கா முந்தானையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முரியல் முடிச்சை அவிழ்த்தாள். பாதி கரைந்த மாத்திரை.

"அடிப்பாவி" என்றாள் முரியல் மெதுவாக. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் இருந்தது. வாசலில் நின்ற மலாய்ப் போலீஸ் கோப்பரல் அதற்குள் பார்த்துவிட்டார்.

மருந்தகத்துக்கு அழைத்துப் போனார்கள். கோப்பரல் மாத்திரையை மேசைமேல் வைத்து, இது உங்களுடையதா என்று டிரசரைக் கேட்டார். கொர்னேலியஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னுடையதுதான் என்றார்.

"ஒரே ஒண்ணுதானேய்யா" என்றாள் முரியல்.

"தினம் ஒண்ணுன்னா?" கோப்பரல் சந்தையில் கற்ற தமிழில் கேட்டார். "சொல்லு. யாருக்கு?"

கங்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனுக்கு என்று சொன்னால், அவனுக்கு என்ன என்று கேட்பார்கள். அவனைக் கூப்பிடுவார்கள். துண்டை அவிழ்க்கச் சொல்வார்கள். மத்தியானத்துக்குள் அவன் லோரியில் இருப்பான். சொல்லாவிட்டால் அவள் லோரியில் இருப்பாள், நாளைக்குச் சூடு பட்ட கையோடு அவன் தனியாக லயத்தில் கிடப்பான். வெளியே மழை நின்று ஓட்டிலிருந்து சொட்டியது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள்.

கோப்பரல் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாரும் அப்டிதான் சொல்றது."

"அவனுக்கும்தான் தினம் நான் குடுக்கறேனே" என்றார் கொர்னேலியஸ். "உன்னுது எதுக்கு அவனுக்கு?"

"எனக்குக் கொமட்டுதுங்கய்யா. துப்ப மனசு வரல. அவருக்குத்தான் போன வருசம் காய்ச்சல் அப்டி வந்துச்சு." அவள் நிறுத்தினாள். பிறகு, வருவது வரட்டும் என்பதைப் போல, "இப்ப காமாலைங்கய்யா. ஒடம்பெல்லாம் மஞ்சளாப் போச்சு. ஒங்ககிட்ட மறச்சுட்டோம்" என்றாள்.

கொர்னேலியஸ் கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப இருந்து மஞ்சள்?"

"ஒரு மாசமாங்கய்யா. என் மாத்திரையையும் அவருக்குக் குடுக்க ஆரம்பிச்சதுக்கப்பறம்."

அவர் கோப்பரலிடம் மலாயில் ஏதோ சொன்னார். கோப்பரல் யோசித்துவிட்டு, உடையப்பனைக் கூட்டி வர ஓர் ஆளை அனுப்பினார்.

அவன் வரக் காத்திருந்தார்கள். முரியல் கங்காவுக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். கங்கா உட்காரவில்லை.

உடையப்பன் வாசலில் நின்று முதலில் மனைவியைப் பார்த்தான். பிறகு கோப்பரலின் துப்பாக்கியை.

"துண்ட அவுருப்பா. இப்டி வெளிச்சத்துக்கு வா" என்றார் கொர்னேலியஸ்.

அவன் அவிழ்த்தான். மழைக்குப் பிந்திய வெயில் அவன்மேல் விழுந்தபோது முரியல் வாயைப் பொத்திக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தைப் போல இருந்தான். கொர்னேலியஸ் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மற்ற கண்ணையும் பார்த்தார். ஜன்னலருகே திருப்பி நிறுத்தி மறுபடியும் பார்த்தார். வயிற்றில் வலப்பக்கம் அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"ஒண்ணுக்கு எப்டிப் போவுது? கட்டங்காப்பி மாதிரியா?"

"மஞ்சளாத்தான் போவுதுங்க. கறுப்பால்லாம் இல்ல."

"வெளிக்குப் போறது வெளுத்திருக்கா?"

"இல்லீங்க."

"சாப்பாட்டப் பாத்தா கொமட்டுதா?"

உடையப்பன் தயங்கினான். "சாப்பாட்டப் பாத்தே நாளாச்சுங்க. பத்தியம். பசிதான் கொல்லுது."

"ராத்திரி தூக்கம்?"

"கண்ணு மூடினா செத்துப்போன அண்ணன் வந்து கூப்புடுது."

கொர்னேலியஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதைக் கண்டு கங்கா நடுங்கிப்போனாள். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்பது தெரிந்தது. அவர் மேசைமேல் கிடந்த மாத்திரையை எடுத்து, விரலில் தண்ணீர் தொட்டு, தன் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தார். கையை உடையப்பனின் கழுத்தருகே கொண்டுபோய் வைத்தார். ஒரே நிறம்.

"கோப்பரல், மருந்து எங்க போச்சுன்னு கேட்டீங்களே. இந்தா நிக்குது, மொத்தமும்."

கோப்பரல் கிட்ட வந்து பார்த்தார். உடையப்பனின் சட்டைக் காலரை விலக்கி உள்ளே பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப காமாலை?" என்றாள் கங்கா.

"காமாலைன்னா மொதல்ல கண்ணு முழி மஞ்சளாவணும். இவன் முழி என்னோடதவிட வெள்ளையா இருக்கு. இந்த மாத்திரையே தோல்ல சாயம் ஏத்தும். ஒண்ணு தின்னாலே கொஞ்சம் ஏறும். நீ ரெண்டு தின்ன வச்சிருக்க."

கங்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் வர்றதும் அதான். அளவு மீறினா தலைக்கு ஏறும். இல்லாததெல்லாம் தெரியும்."

உடையப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அப்ப அண்ணன் கூப்புடலயா" என்றான். கேட்பது யாரை என்று தெரியாத குரல். கொர்னேலியஸ் மாத்திரைக் கறை பட்ட கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, "என்ன குடுத்த இவனுக்கு?" என்று கங்காவைக் கேட்டார்.

"கீழாநெல்லிங்க. மோருல."

"வேற?"

"வேற இல்லீங்க. நாளைக்கு மஞ்சச் சூடு வைக்கலாம்னு…"

"கீழாநெல்லிய நான் கொற சொல்ல மாட்டேன். எங்கம்மாவும் எனக்குக் குடுத்திருக்கு. ஆனா என்ன நோயின்னு தெரியாம குடுத்தா அது என்னத்தத் தேடும்? குடிக்கறத எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன். சூடு மட்டும் வேணாம். அந்தப் புண்ணு சீப்புடிச்சா நெஜமாவே நான் லோரி கூப்புடணும். உப்பில்லாம வெயில்ல மரம் சீவ விட்டியே, அதான் இவன இப்டி எளைக்க வச்சது. மாத்திரை இல்ல, கீழாநெல்லியும் இல்ல." பிறகு உடையப்பன் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் ஒனக்கு மாத்திரை கெடையாது. அப்பறம் ஒண்ணுதான். எப்பயாச்சும் முழி மஞ்சளாச்சுன்னா, அப்ப ஒளியாத. நேரா வா."

"சாயம் போவுமாங்க?"

"மெதுவாப் போவும். அதுவரைக்கும் கல்யாண மாப்புள மாதிரி இரு."

முரியல் பொத்திய வாயைத் திறந்து சிரித்துவிட்டாள். கோப்பரலுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவரும் சிரித்தார். ஆனால் போகும்போது கங்காவிடம் விரலை நீட்டி, "இனி கம்பி தாண்டி மருந்து போகக் கூடாது லா. அடுத்த தடவ நான் சிரிக்க மாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கங்கா எழுந்து நின்று கும்பிட்டாள்.

"ஒனக்கும் மாத்திரை உண்டு" என்றார் கொர்னேலியஸ் அவளிடம். "பெரட்டுல வேணாம். பசியாறிட்டு இங்க வந்து முழுங்கிட்டுப் போ. சன்னாசிகிட்ட நான் சொல்லிக்கறேன். வெறும் வயித்துக்குக் குடுத்தது என் தப்புதான்."

முரியல் தன் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு ரொட்டியும் நெத்திலிச் சம்பலும் எடுத்து மேசைமேல் வைத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. உடையப்பன் ஒரு துண்டை வாயில் வைத்தான். சம்பல் நாக்கில் பட்டதும் கண் கலங்கியது. காரத்தினால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதைப் போல மூக்கை உறிஞ்சினான். இரண்டாவது துண்டைப் பாதியாகப் பிய்த்துக் கங்காவிடம் நீட்டினான்.

நிரைக்குத் திரும்பியபோது, அவன் சீவிவிட்டு வந்த மரங்களின் பால் கோப்பைகளில் மழைத்தண்ணீர் கலந்திருந்தது. அன்றைய பால் பாதிக்கு மேல் வீண். இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஏதாவது பேச வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இந்த மாதம் முழுக்க அவர்களுக்கிடையே இருந்த மௌனத்தில் ஒரு பிணம் கிடந்தது. இது அதைப் போல இல்லை.

கங்கா அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். விரல் நகம்வரைக்கும் மஞ்சள்.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றாள். "ஒவ்வொண்ணா, எங்கையால."

"காப்பி வேற குடுத்த."

"சீனி இல்லாம."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளால் முடியவில்லை. வந்த சிரிப்பு அழுகையாக மாறி, முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். அவன் அவளைத் தடுக்கவில்லை, முதுகைத் தடவவுமில்லை. அடங்கும்வரை பக்கத்தில் இருந்தான். பிறகு எழுந்து, அவள் வாளியையும் தன் வாளியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, முதல் மரத்திலிருந்து பால் எடுக்கப் போனான்.