எண்ணுக்கு முன்னால் இருந்த கோடு

ஜெயவேலுவின் வேலையைப் பறித்தவன் நான்தான். இதைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை.

2004, ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். திருமுடிவாக்கத்தில் வைத்தீஸ்வரனின் லேத் பட்டறைக்குப் பவர் ஃபேக்டர் அளக்கப் போயிருந்தேன்; வாங்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு உதவுகிறது என்று சொல்லும் எண் அது. மின்வாரியச் சோதனை வரப்போகிறது, குறைவாக இருந்தால் அபராதம் என்று அவருக்குப் பயம். சுவர் மீட்டர் பழசு, யூனிட்டைத் தவிர எதையும் காட்டாது. அதனால் புத்தம்புது டிஜிட்டல் மீட்டரோடு நான்.

பேனலில் வைத்த சந்தனம் அப்படியே இருந்தது. பூஜைக்கு மெஷின்களோடு கேபிள் முனைகளுக்கும் பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கம். மூன்று பேஸுக்கான சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பளபளத்தன. வோல்டேஜையும் கரண்டையும் ஒரே பேஸில் எடுக்க வேண்டும் என்பது பாலபாடம். சிவப்புப் பேஸைக் குறிக்கும் ‘R’ என்று எழுதிய ஃபியூஸில் வோல்டேஜ் எடுத்தேன். சிவப்புக் கேபிளில் கரண்ட் அளக்கும் கிளாம்பை மாட்டினேன். ஒன்றை ஒட்டி வரவேண்டிய எண், 0.69 என்று வந்தது.

பதினோரு வருடமாக அங்கே எலக்ட்ரீசியனாக இருந்த ஜெயவேலு எட்டிப் பார்த்தார். “இன்னா சார் இது? கப்பாசிட்டர்லாம் நல்லாத்தானே கீது. நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு கீதே, அது இன்னா?”

“பேட்டரி கம்மின்னு காட்டுது” என்றேன். கையேட்டை நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

அந்த எண்ணை இறங்காமல் காக்கும் கப்பாசிட்டரைக் கவனிக்காத எலக்ட்ரீசியன் எதற்கு என்று வைத்தீஸ்வரன் மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் மறுபடி அளக்கக் கூப்பிட்டார். கிளாம்பை மாட்டும்போது நகம் பட்டுச் சிவப்பு உரிந்தது. அடியில் மஞ்சள். பூஜைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன் இரண்டு கேபிளின் நிறத்தை மாற்றிப் பூசியிருக்கிறான். ஒரு பேஸின் வோல்டேஜையும் இன்னொரு பேஸின் கரண்டையும் சேர்த்து அளந்திருக்கிறேன். அந்தக் கோடு மைனஸ். பட்டறையே கரண்ட் தயாரித்துத் தெருவுக்கு அனுப்புகிறது என்று மீட்டர் சொல்லியிருக்கிறது, நான் பேட்டரி என்றிருக்கிறேன். சரியான கேபிளில் மாட்டினேன். 0.97.

“கப்பாசிட்டர் மாத்தினீங்களா சார்?” என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

“எங்க? ஒண்ணும் மாத்தலை. ஆளைத்தான் மாத்தினேன். ரிசல்ட்டைப் பாத்தீங்களா!” வைத்தீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, அவர் வாங்கித் தந்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், சேலையூரில் எங்கள் சர்ச் வாசலில் ஜெயவேலு ஏணி மேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி சாராளை இழுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். அவரே இறங்கி வந்தார்.

“நல்லா கீறியா சார்? பேரு கெட்டுப்போச்சு, எந்தக் கம்பெனியிலயும் சேத்துக்க மாட்டேன்றான். அத்த வுடு. அந்தக் கோடு இன்னான்னு பாத்தியா?”

சாராள் என் முகத்தைப் பார்த்தாள்.

“பேட்டரிதாண்ணா.”

“அப்ப சீக்கிரம் மாத்திடு சார். இன்னொருத்தன் பொழப்புலயும் அதே நம்பரைக் காட்டிடப் போவுது” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.