ஊசியும் வைரமும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவது அவள் வேலை. வலைப்பதிவில் புனைபெயரும் ‘ஊசி’தான். வாசகர்கள் மொத்தம் பதினோரு பேர். கட்டுரையை வெறும் எழுத்துக் கோப்பாக அடித்துவைப்பாள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு அவள் எழுதிவைத்த கணினி நிரல் அதை எடுத்து, தேதி போட்டு, அடியில் ‘ஊசி’ என்று கையெழுத்திட்டுத் தளத்தில் ஏற்றிவிடும்.

அன்று அக்கா செல்போனை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. “உங்க மாமா நம்ம அப்பாவைப் பத்தி எழுதியிருக்காருடி. படி.”

படித்தாள். அப்பாவின் கடைசி மாதம். ரத்தம் எடுக்க வந்த மகளிடம் “வலிக்காம குத்தத் தெரியுமா?” என்று அவர் கேட்டது. எல்லாம் அவள் எழுதியது. அடியில் அக்கா கணவரின் புனைபெயர்: வைரம். வார இதழ் ஒன்றின் இணையப் பதிப்பில் பத்தி எழுதுகிற பெரிய மனிதர்.

“கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா போகுதும்மா, கொஞ்சம் பாரேன்,” என்று அவரே வழிவிட்டார். பார்த்தாள். மூன்று வரி நிரல். செவ்வாய் ஆறு பத்துக்கு அவள் பக்கத்தை இறக்கு; ‘ஊசி’ வரும் இடத்திலெல்லாம் ‘வைரம்’ என்று மாற்று; இதழுக்கு அனுப்பு. பெயர் மாற்றும் அந்த நடுவரியைப் போன வருடம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அக்காவிடம் சொன்னால் பொறாமை என்பாள். எதையும் தொடாமல் மூடிவைத்தாள்.

“சரியாயிடுச்சா?”

“ஜோரா ஓடும் மாமா. நீங்க திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.”

செவ்வாய் ஆறு மணிக்கு அவள் பக்கத்தில் ஏறியது இது: “ஊசி என்ற பெயரில் எழுதும் நான் ஓர் எழுத்துத் திருடன். ஒரு வருடமாக இங்கே வந்த எதுவும் என்னுடையதல்ல. மாமனாரின் கடைசி நாட்களை எழுதியது என் மனைவியின் தங்கை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்படிக்கு, ஊசி.”

ஆறு இருபதுக்கு அதை எடுத்துவிட்டாள். அதற்குள் ‘இப்படிக்கு, வைரம்’ என்று அது இதழில் போய் உட்கார்ந்துவிட்டது. பெரியவர் பத்தியை அங்கே யாரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை.

எட்டு மணிக்கு, முதல் ஆளுக்குக் கையில் பட்டை கட்டும்போது போன் அடித்தது.

“குடியைக் கெடுத்துட்டியே! ஆசிரியர் கூப்பிட்டுட்டார். உங்க அக்கா கதவைச் சாத்திக்கிட்டா. நான் என்னன்னு சொல்றது?”

“‘அதை நான் எழுதலை’ன்னு சொல்லுங்க மாமா.”

“சொன்னா, அப்ப மத்ததெல்லாம் யாரு எழுதினதுன்னு கேப்பாங்களே!”

“கேக்கட்டும்,” என்றாள். போனை வைத்துவிட்டு நரம்பைத் தடவினாள். “கையை இறுக்கி மூடிக்கோங்க சார். வலிக்காது.”