பார்க்கர் ஓட்டலின் பின்படி

"எங்கம்மாவ முன்படி வழியா எறங்கி வரச் சொல்லுங்க சார்."

கனகவல்லி கேட்கவே கூடாது என்று அவள் அம்மா செல்லியம்மாள் சொல்லி அனுப்பிய ஒரே விஷயம் இதுதான். காலையில் பெருங்களத்தூரில் பஸ் ஏறும்போதுகூடக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஓனரான்ட லீவு கேளு, யூனிபார்ம் கேளு, எது வேணா கேளு. படிப் பேச்ச மட்டும் எடுக்காத. உனுக்கு ரிசப்ஷன்ல வேல தரேன்னு இருக்காரு. வாய வெச்சிகினு சும்மா இரு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவா அந்தக் குடும்பம் வயிற்றைக் கட்டி அவளை பி.ஏ. படிக்க வைத்தது?

ஓட்டல் முதலாளி ஜெயவேலு காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா, வேலைக்கு வந்த மொத நாளே வம்பா?"

அவர் அப்பா காலம் வரைக்கும் ஏர் பிடித்த குடும்பம். வயல்கள் பிளாட்டு பிளாட்டாகப் போனதும், தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பாழடைந்து கிடந்த வெள்ளைக்காரன் கட்டிய பார்க்கர் ஓட்டலை வாங்கிச் சுண்ணாம்பு அடித்தார். கூட்டம் சுண்ணாம்புக்கு வரவில்லை, பேய்க்கு வந்தது. சனி ஞாயிறு ஆனால் மெட்ராஸிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ரூம் கிடைக்காது.

அந்தப் பேயைப் பற்றித்தான் கொஞ்சம் முன்னால் அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். வருகிறவர்களிடம் இங்கிலீஷில் எடுத்துவிட வேண்டுமாம். இங்கே தங்கிய துரை வீட்டு ஆயா ஒருத்தி. புருஷன் செத்தவள். பின்பக்க இரும்புப் படியிலிருந்து விழுந்து உயிரை விட்டாள். இன்றைக்கும் பொழுது சாயும் நேரத்தில் வெள்ளைப் புடவையும் சலங்கையுமாக அந்தப் படியில் ஏறி வருவாள்.

"கெஸ்ட்டுங்க நெசமாவே பார்க்கறாங்களா சார்?"

அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "உங்கம்மாதான்! அவளுக்கே தெரியாது. தெரிஞ்சா நேச்சுரலா வராது பாரு. நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்குவ. போன சனிக்கிழமை ஒரு பார்ட்டி பயந்துபோய் டார்ச் லைட்டால வீசி அடிச்சிட்டான்! அன்னையிலேர்ந்து ரூம் கேட்டு போன் மேல போன்."

போன சனிக்கிழமைதான் அம்மா புருவத்துக்கு மேலே தையலோடு வீடு வந்தாள். இருட்டில் கால் இடறிவிட்டது என்றாள். கனகவல்லியும் நம்பி மஞ்சள் பற்று போட்டாள்.

அந்த இரும்புப் படி பேய்க்குக் கட்டியதில்லை. கக்கூஸ் கழுவ வருகிறவர்கள் துரைமார் கண்ணில் படக்கூடாது என்று பின்சுவரோடு ஒட்டிச் சுருட்டி வைத்த படி. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். படி போகவில்லை. பத்து வருஷமாக அதில் பக்கெட்டும் துடைப்பமுமாகச் செல்லியம்மாள் ஏறி இறங்குகிறாள்.

ஜெயவேலு மறுபடி காபி டம்ளரைக் கையில் எடுத்தார். கனகவல்லி ஹாலுக்கு வந்தாள். பெரிய தேக்குப் படிக்கட்டின் கீழே நின்று, சோபாவில் உட்கார்ந்திருந்த கெஸ்ட்டுகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"எம்மா! இப்டி வா!"

ஜெயவேலு பின்னாலேயே ஓடி வந்தார். மேலே ஜல் ஜல்லென்று சத்தம். செல்லியம்மாள் வந்து மேல்படியோடு நின்றுகொண்டாள். கால் கீழே இறங்கவில்லை. கட்டியிருந்தது வெள்ளைப் புடவை. அதை ஓட்டல் ஷெட்டிலேயே கட்டி ஷெட்டிலேயே அவிழ்த்துப் போடுவதால் கனகவல்லி இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"இன்னாத்துக்குடி கத்தற? கெஸ்ட்டுங்க கீறாங்க இல்ல?"

"கால்ல சலங்கை எதுக்கும்மா?"

"ஆளு வருதுன்னு தெரிய வேணாமா? அவங்க ஒதுங்கிக்குவாங்க."

கனகவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேயாக்கியவன்மேல் இருந்த கோபம் போதாதென்று, இதை நியாயம் என்று நினைத்துக் காலில் கட்டிக்கொண்ட அம்மாமேலும் கோபம் வந்தது.

"ஒதுங்க இல்லம்மா, பயப்பட. நீதான் இந்த ஓட்டல் பேயி. உன்ன பார்க்கத்தான் இவங்கல்லாம் வந்து குந்திகினு கீறாங்க."

"போடி பைத்தியம்," என்று செல்லியம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்ப இந்தப் பொடவ?"

"செத்துப்போன ஆயாவோட வேஷம். புருஷன் இல்லாதவளாம்."

பின்படியைப் பொறுத்தவள், சலங்கையைப் பொறுத்தவள், டார்ச் அடியைக்கூடப் பொறுத்து மறைத்தவள். இதை அவளால் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"நர்ஸம்மா மாதிரி நீட்டா இருக்கும்னு சொல்லித்தானய்யா கட்ட வெச்ச? எம் புருசன் வூட்ல குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறான்யா! அவன் உசுரோட இருக்கசொல்ல எனுக்கு வெள்ள கட்டி வேடிக்க காட்டினியா? நீ நல்லா இருப்பியா?"

சோபாவில் கேமராவைத் தூக்கியிருந்தவன் இறக்கிவிட்டான்.

"செல்லி, உள்ள போ. பேசிக்கலாம்," என்றார் ஜெயவேலு. பிறகு மகளிடம், "இதோ பாரும்மா, ரிசப்ஷன் வேலை உனக்குத்தான். ஏசி ரூமு. உங்க ஜனத்துல யாருக்குக் கிடைக்கும்? கெடுத்துக்காத."

உங்க ஜனம். அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தாள் போலிருக்கிறது. ஆனால் முடிவு டார்ச் லைட் கதையிலேயே எடுத்தாகிவிட்டது.

"வேற ஆள பாருங்க சார். அம்மாவும் இனிமே வராது. கக்கூஸையும் உங்க பேயையே கூப்பிட்டுக் கழுவிக்கங்க. டார்ச்சால அடிச்சவன் பேரு மட்டும் ரெடியா வெச்சிருங்க, ஸ்டேஷன்ல கேப்பாங்க."

"ஸ்டேஷனா? அங்க எல்லாம் நம்ம ஆளுங்கம்மா."

"அதையும் அங்கயே வந்து சொல்லுங்க."

கேமராக்காரனும் கூட இருந்தவர்களும் காலை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழி விட்டார்கள். தேக்குப் படியில் முதல் தடவையாகச் சலங்கைச் சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது. பிறகு எதுவோ ஜல்லென்று கழன்று உருண்டு ஹால் தரையில் விழுந்தது. கனகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. முன்வாசல் கதவை அகலத் திறந்து, அம்மாவும் வரட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.