பட்டம் பிடிக்க ஓர் ஆள்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு அல்ல, அந்தப் பேச்சை எங்கள் சொந்தக்காரர்களே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். ஒரு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பட்டம் என்றால் எங்கள் நாகல்நகர் மொட்டை மாடிகளில் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. விரித்துப் போட்டால் ஒரு வேன் நீளத்துக்கு வரும். அதன் கயிறுகளை இடுப்புப் பட்டையில் மாட்டி, கால்களைப் பலகை ஒன்றில் செருகிக்கொண்டு, காற்று இழுக்கிற பக்கமெல்லாம் தண்ணீர்மேல் வழுக்கிப் போக வேண்டும். கைட்போர்டிங் என்று பெயர். திண்டுக்கல்லில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் இருந்துகொண்டு இவளுக்குத் தண்ணீரில் என்ன சறுக்கு விளையாட்டு என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அம்மா இறந்த மறு வருஷம் ஆடியில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அம்மா எட்டு வருஷம் படுக்கையில் இருந்தாள். அந்த எட்டு வருஷத்தில் நான் மில்லுக்குப் போவேன், பருத்தி சோதனைக் கூடத்தில் நூலின் பலத்தைப் பார்ப்பேன், வீட்டுக்கு வருவேன். மதுரையைத் தாண்டியதில்லை. அவள் போன பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனது, கூட வரத்தான் யாரும் இல்லை. தனிமை என்றால் அமைதி என்று எழுதுகிறவர்களை எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்க வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ரசம் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும்.

ஏதோ ஒரு வீம்பில்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ராமேஸ்வரம் போகிற வழியில், மணல் திட்டு ஒன்று கடலை மறித்துக்கொண்டு நிற்கிற இடம். திட்டுக்கு உள்ளே காயல். தண்ணீர் இடுப்பளவுதான், அலை கிடையாது, காற்று மட்டும் தங்குதடையில்லாமல் வரும். நாலு நாள் விழுந்து விழுந்து உப்புத் தண்ணீர் குடித்தேன். கடைசி நாள் எழுந்து நின்றேன். காயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போனேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி, பூட்டிய கதவைத் திறந்தபோது மறுபடி தெரிந்தது. அதனால்தான் இந்த ஆடியிலும் போக வேண்டும் என்று இருந்தேன்.

இந்த முறை வகுப்பு இல்லை. பட்டத்தையும் பலகையையும் வாடகைக்குக் கொடுத்து, தங்க ஓர் அறையும் தருகிற நைனா முகமது அண்ணனிடம் போனில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்.

"வாங்க தங்கச்சி. கூட யாரு வாரா?"

"நான் மட்டுந்தாண்ணே."

"ஆள் இல்லாம ஆகாதேம்மா. அந்த ஞாயித்துக்கெழம என் பயலுக எல்லாம் ஊருக்குள்ள வேலையாப் போயிருவாங்க. எனக்கு முட்டி வலி, தண்ணியில எறங்க முடியாது. ஏத்தும்போது பிடிக்க ஆள் வேணும், எறக்கும்போது பிடிக்கவும் ஆள் வேணும். ஒரே ஆள் போதும், ஆனா வேணும்."

அவர் சொல்வது சரிதான். பட்டத்தின் ஓரத்தை ஓர் ஆள் காற்றுக்கு வாட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிறெல்லாம் சிக்கில்லாமல் இருக்கிறதா என்று நாம் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினால், அந்த ஆள் விட வேண்டும். திரும்பி வரும்போது அதே ஆள் கரையில் நின்று பட்டத்தைப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் காற்று நம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும்.

சோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்கிற சகாயசெல்வி முதலில் வருகிறேன் என்றாள். இருவருமாக உட்கார்ந்து செல்போனில் காற்று பார்த்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை உறுதி செய்தோம். மூன்றே நாளில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு என்று வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காத சத்யா. போகலைன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

கோபம்தான். ஆனால் அவளைக் கோபிப்பதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பொறாமையாகிவிட்டது.

செல்போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். கேஸ்காரர், பிளம்பர், அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ். கடைசியில் பரணியின் பெயரில் வந்து நின்றேன். என் தம்பி. கோயம்புத்தூரில் இருக்கிறான். அம்மாவின் முதல் திதிக்கு வேலை இருக்கிறது என்று அவன் வராமல் இருந்ததிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மானத்தை மடித்து வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"பரணி, வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு ராமேஸ்வரம் பக்கம் போறேன். நீ கூட வாரியாடா? நான் மட்டும் போய் ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு ஆள் வேணும்."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"வாரேன்க்கா," என்றான். குரல் உடைந்திருந்தது. "நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா திதிக்கு வரலைன்னு நீ என்கூடப் பேசவே இல்ல. இப்ப நீயா கூப்புடுற. சனிக்கிழமை மத்தியானம் காரை எடுத்துட்டு வந்துர்றேன்."

இதில் அம்மா திதி எங்கே வந்தது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அடுப்படியில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையில் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. ஆடி அமாவாசை. ஊரே செத்துப்போன அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட ராமேஸ்வரம் போகிற நாள். நைனா அண்ணனின் பையன்களுக்கு ஊருக்குள் என்ன வேலை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் தர்ப்பணம் மகன் செய்கிற காரியம். செல்வியோ மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்கள் இருவருக்கும் காற்று தெரிந்ததே தவிர அமாவாசை தெரியவில்லை.

உடனே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் "வாரேன்க்கா" என்றது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அடுத்து நடந்ததுதான் மோசம். தினமும் சாயங்காலம் போன் செய்ய ஆரம்பித்தான்.

"அக்கா, எள்ளு அங்கன வாங்கிக்கலாமா, நான் கொண்டாரவா?"

"அங்கேயே விக்கும்டா."

"அம்மாவுக்குப் பிடிச்ச வெஞ்சனம் என்னக்கா? அன்னைக்கு எலையில வைக்கணும்ல?"

"பாவக்கா," என்றேன். கடைசி வருஷங்களில் அவள் தின்றதெல்லாம் மசித்த பருப்புச் சோறுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

மில்லிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் போன் வராது. பயணம் போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடுவேன், அந்த போன் போவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தான். தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. நான் வைத்த குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். செத்த நேரம் படுக்கிறேன் என்று அம்மாவின் அறைக்குப் போனவன், கட்டிலில் நான் வாங்கி வைத்திருந்த இடுப்புப் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னாக்கா இது, இம்புட்டுப் பெரிய பெல்ட்டு? முதுகு வலியா?"

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. காயல், பட்டம், நைனா அண்ணன் போட்ட நிபந்தனை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் முகம் மாறியது.

"அம்மா பேரச் சொல்லி என்னையப் பட்டம் விடவா கூப்பிட்ட?"

"நான் அம்மா பேரச் சொல்லவே இல்ல. நீதான்டா சொன்ன."

"அப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கொக்கியை மாட்டிக் கழற்றினான். பிறகு, "சரி, எப்படிப் பிடிக்கணும், காட்டு," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொடியில் காய்ந்த போர்வையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். சிறுமலைப் பக்கமிருந்து நல்ல காற்று. போர்வையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிர் மூலையில் போய் நின்று கட்டை விரலை உயர்த்தினேன். அவன் போர்வையைத் தலைக்கு மேலே தூக்கி வீசினான்.

"எறியக்கூடாதுடா! இது காகிதப் பட்டமா? விட்டாப் போதும், அதுவே போயிரும்."

இரண்டாவது முறையும் எறிந்தான். மூன்றாவது முறை சரியாக விட்டான். போர்வை பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டிக்கொண்டது. இருவரும் சிரித்தோம். அந்த மாடியில் நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"விட்டதுக்கப்புறம் நான் என்னா செய்யணும்?"

"நான் திரும்பி வர்ற வரைக்கும் நிக்கணும். இறக்கும்போது பிடிக்கணும்ல."

"எம்புட்டு நேரமாகும்?"

"காத்து இருக்க வரைக்கும். சாயங்காலம் ஆயிரும்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு அப்போது ஒன்றுமில்லை. "திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல இருக்கணும்க்கா. கூட்டத்துல மாட்டிக்கிட்டா ஊர் போய்ச் சேர முடியாது. தர்ப்பணத்த முடிச்சுட்டு வந்து ஏத்தி விட்டுட்டு நான் கெளம்பிர்றேன். இறக்குறதுக்கு அங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

அம்மா படுக்கையில் விழுந்த அன்று அவளை ஆஸ்பத்திரிக் கட்டில்வரை தூக்கிக்கொண்டு ஓடியது இவன்தான். எல்லோரும் மெச்சினார்கள். மறுநாள் காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறினான். இறக்குவதற்கு யாராவது இருப்பார்கள் என்று அப்போதும் நினைத்திருப்பான். இருந்தேன். இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் வேண்டுமென்றே சொல்லவில்லை, அது அவனுக்குத் தெரியவே இல்லை. அதனால் பேசாமல் கீழே வந்து நைனா அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஆள் கெடச்சுச்சா தங்கச்சி?"

"ஏத்துறதுக்குக் கெடச்சிருச்சுண்ணே. இறக்கத்தான் இல்ல."

"அப்ப வேணாம்மா," என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம்கூட எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பரணி குளித்துக் கிளம்பி நின்றான். நான் வரவில்லை என்றேன். செருப்பை மாட்டியவன் வாசலிலேயே நின்றான்.

"நீயும் வாக்கா. எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. அந்தக் கூட்டத்துல தனியா நிக்க ஒரு மாதிரியா இருக்கு. ஒரு ஆள் கூட வேணும்."

போகாவிட்டால் ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் இருக்க வேண்டும். போனேன்.

ராமேஸ்வரம் கடற்கரையில் மணல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. பரணி சட்டையைக் கழற்றி, செல்போனையும் கார்ச் சாவியையும் அதில் சுருட்டி என்னிடம் கொடுத்தான். "பிடிச்சுக்கக்கா, இந்தா வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான். மாடியில் சொல்லிக் கொடுத்த மாதிரியே கட்டை விரலை உயர்த்தினான்.

அந்தச் சைகைக்கு விட வேண்டும். நான் விடவில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று நன்றாக இருந்தது.