லூயிஸின் ஒருசந்தி

சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்த கரோலின், நெற்றிச் சாம்பல் உதிர்வதற்கு முன்பே சமையலறை அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். கொள்ளு, மொச்சை, வண்டு விழுந்த ரவை, ரேஷன் பருப்பு, கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய சேமியா, அடியில் கொஞ்சம் சர்க்கரை, பெயர் எழுதாத டப்பாவில் ஏதோ மாவு.

"ஈஸ்டர் வரிக்கும் கடையாண்ட யாரும் போவக்கூடாது. வூட்ல கீறத வச்சித்தான் துன்னணும். கறி, மீனு ஒண்ணும் கெடையாது. மிச்சம் புடிக்கிறது கோயிலுக்கு."

மகள் சாண்ட்ரா டப்பாவை முகர்ந்து பார்த்தாள். "இது இன்னா மாவும்மா?"

"துன்னா தெரியும்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் லூயிஸ், "நானும் ஒருசந்தி இருக்கப் போறேன்" என்றான். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அவன் இரவு வேளையைத் தேர்ந்தெடுத்தான். "குடியும் கெடையாது" என்று அதையும் சேர்த்துச் சொன்னான்.

சாண்ட்ரா சிரித்துவிட்டாள். கரோலின் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் இரவு பூசை முடிந்து வரும் வழியில் அவன் சாக்கடையில் விழுந்ததை ராயபுரத்தில் பாதிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் தன் அண்ணன் சைமனை வைத்துக்கொண்டு கரோலின் சொன்னாள்: "இனிமே ஒரு தபா குடிச்சிட்டு வந்தேன்னா, பொண்ண இட்டுக்கினு அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். அப்பால திரும்ப மாட்டேன்." சைமன் வாய் வார்த்தையோடு விடவில்லை. விம்கோ நகரில் தன் வீட்டு மாடி அறையில் கிடந்த பழைய சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டு, சாவியைத் தங்கையிடம் கொடுத்தான். லூயிஸுக்கும் அது தெரியும்.

அவன் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை பார்த்தான். வெயிலில் வெறும் வயிற்றோடு செய்கிற வேலை இல்லை அது. ஆனால் செய்தான். உடன் வேலை செய்கிறவர்கள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது எழுந்துபோய் நிழலில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னான். சர்க்கரை நோய்க்கு அவன் சாப்பிடும் மாத்திரையைக் கரோலின் காலையிலும் இரவிலும் அட்டையிலிருந்து பிதுக்கி அவன் கையில் வைத்தாள். ஒரு நாள் அவன், "வெறும் வயித்துல வேணாமே" என்று இழுத்தபோது அவள் விடவில்லை. "விரதம் வேற, மாத்திர வேற. போடு."

அலமாரி மெல்லக் காலியானது. பெயர் தெரியாத மாவு கேழ்வரகு என்று தெரியவந்தது. சர்க்கரை இரண்டாவது வாரத்தில் தீர்ந்தது. வெறும் கடுங்காப்பி குடித்துப் பழகினார்கள். தீர்ந்த டப்பாக்களை அவள் கழுவி, வெயிலில் காயவைத்து, கவிழ்த்து அடுக்கினாள். அப்படி அடுக்குவது அவளுக்குப் பிடித்திருந்தது.

லூயிஸும் மாறினான். முகம் வற்றியது. கண்ணில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. மாலையில் அவன் கை நடுங்கும். சில நாள் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். குடிக்காததால்தான் உடம்பு உதறுகிறது என்று கரோலின் நினைத்தாள். விட்டவனுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த நடுக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவன் வரும் நேரத்தில் காரணமில்லாமல் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு மலிகா அதைக் கவனித்தாள். அவள் வீட்டில் ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, புதுப்பொண்ணு மாறி நிக்கிறே?"

"போடி. காத்து வாங்கறேன்."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கரோலினும் சாண்ட்ராவும் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. லூயிஸ் வந்துகொண்டிருந்தான். நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரில் மோதி அதைக் கீழே தள்ளினான். தள்ளியது தெரியாமல் இரண்டடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டான். முனையில் உட்கார்ந்திருந்த அவன் தோஸ்து தாமோதரன் கை தட்டினான்.

"இன்னா மாமு, ஈஸ்டர் அதுக்குள்ள வந்துச்சா? எனுக்கு சொல்லவே இல்ல!"

தெருவே சிரித்தது. லூயிஸ் அவனைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னான். நாக்கு புரளவில்லை. வீட்டுப் படிக்கட்டில் ஏறப் போய், உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தான். திறந்திருந்த கதவைப் பார்த்து, "கதவ தொற" என்றான்.

கரோலினுக்கு இந்தக் காட்சியின் ஒவ்வொரு துண்டும் தெரியும். அந்தத் தள்ளாட்டம், அந்த நாக்கு, வியர்வை. கிட்டே போகவே அவளுக்குத் தோன்றவில்லை. கத்தவும் இல்லை. உள்ளே போய், பீரோவின் மேலிருந்த பையை இறக்கி, கைக்குக் கிடைத்த துணிகளை அதில் திணித்தாள்.

"அம்மா, ஒரு வார்த்த கேளும்மா" என்றாள் சாண்ட்ரா.

"கேட்டதெல்லாம் போதும். வா."

படியில் அவன் குறுக்கே கிடந்தான். அவள் புடவை நுனி அவன் கையில் பட்டது. விரல்கள் அதைப் பிடிக்கப் பார்த்தன.

"கரோலினு, கை நடுங்குது."

"நடிக்காத."

கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். சாண்ட்ரா சுவரோடு ஒட்டி இறங்கினாள். தாமோதரன் இப்போது சிரிக்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனும் இது குடி என்றுதான் நினைத்தான்.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சாண்ட்ராவுக்கு போன் சார்ஜர் ஞாபகம் வந்தது. "எடுத்துக்கினு ஓடி வந்துடு. அந்தாள்கிட்ட பேசாத" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கரோலின் ஆட்டோவை நிறுத்தினாள். விம்கோ நகருக்கு டிரைவர் கேட்ட தொகைக்குப் பேரம்கூடப் பேசவில்லை. பையை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"அம்மா, வாடையே இல்லம்மா."

"இன்னாது?"

"நைனாகிட்ட. சாராய வாடையே இல்ல. மூஞ்சாண்ட மோந்து பாத்தேன்."

"எதுனா வாயில போட்டிருப்பான்."

"ஒண்ணும் இல்லம்மா! வெறும் வேர்வதான். ஒடம்பு சில்லுன்னு கீது. கூப்ட்டா கண்ணு தொறக்கல. நீ வாம்மா!"

ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொல்லி அவள் கையால் காட்டினாள்.

படிக்கட்டில் மலிகா உட்கார்ந்து லூயிஸின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். அவன் வாய் ஒரு பக்கமாகத் திறந்து முனகிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு சுகருதானே? எப்போ சாப்ட்டாரு?"

"நேத்து ராத்திரி. ஒருசந்தி."

"மாத்திர? மாத்திர நிறுத்திட்டாரில்ல?"

"இல்ல. காலீல நான்தான் குடுத்தேன். ஒரு நாளும் விட்டதில்ல."

மலிகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ அல்லா. எங்கூட்டுக்காரரு நோன்பு புடிக்கறதுக்கு முன்னாடியே டாக்டராண்ட போயி மாத்திரய மாத்தி எழுதிக்கினு வந்தாரு. வயித்துல ஒண்ணும் இல்லாம அத துன்னா சக்கர எறங்கிடும்க்கா, ஆள் இப்டித்தான் ஆவும். சக்கர எடு. ஓடு!"

கரோலின் உள்ளே ஓடினாள். டப்பாக்கள் கவிழ்ந்திருந்தன. முதலாவதை நிமிர்த்தினாள். சுத்தம். அடுத்தது, அதற்கடுத்தது. வெல்லம் இல்லை. பிஸ்கட் இல்லை. தேன் பாட்டிலை அவளே சுடுநீர் ஊற்றிக் கழுவியிருந்தாள். அலமாரியில் மிச்சமிருந்தது கொள்ளும் உப்பும்தான். அவள் இரண்டு கையிலும் காலி டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே மலிகா கத்துவது கேட்டது. ஒரு பிடி சர்க்கரை இல்லாமல் ஒரு வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் சொல்லாமல், அவளே செய்தது.

"சாண்ட்ரா! எங்கூட்ல நோன்பு தொறக்க சர்பத் கரைச்சி வச்சிருக்கேன், எட்தா!"

சாண்ட்ரா சொம்போடு ஓடி வந்தாள். கரோலின் அதைப் பிடுங்கி அவன் வாயில் ஊற்றப் போனாள். மலிகா கையைத் தட்டிவிட்டாள். "ஊத்தாத, பொரை ஏறிடும். வெரல்ல தொட்டு கன்னத்துக்குள்ள தடவு." கரோலின் தடவினாள். சிவப்புச் சாறு அவன் தாடையில் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. தாமோதரன் வந்து லூயிஸைத் தூக்கித் தோளில் போட்டு, காத்திருந்த ஆட்டோவில் ஏற்றினான். பை இன்னும் அதிலேயே இருந்தது. அதன் மேலேயே அவன் காலை வைத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த டாக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "குடிச்சிருந்தாரா?"

"இல்ல!" கரோலின் சொன்ன சத்தத்தில் வார்டே திரும்பியது.

"எவ்வளவு நேரமா இப்படி இருந்தார்?"

டாக்டர் இரண்டு முறை கேட்டார்.

லூயிஸ் கண் திறந்தபோது முதலில் விளக்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பயந்துபோன பார்வை.

"குடிச்சிட்டனா?" என்றான்.

"இல்ல."

"நெசமா சொல்லு கரோலினு."

"இல்லய்யா. ஒரு சொட்டுகூட இல்ல."

அவன் உடனே நம்பினான். மூச்சை விட்டான். "ஹார்பர் கேட்ட தாண்டுனது தெரியுது. அப்பால ஒண்ணும் தெரியல. குடிச்சித் தொலைச்சிட்டேன் போலன்னு நெனச்சேன்."

அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற சாண்ட்ராவும் சொல்லப் போவதில்லை. ஆனால் நாளைக்கே தெருவில் யாராவது சொல்வார்கள்.

"நீ குடிச்சிட்டு வந்தேன்னுதான் நான் நெனச்சேன். பைய தூக்கினு கெளம்பிட்டேன். நீ படியில கெடந்தே. தாண்டிக்கினு போனேன்."

அவன் புரியாமல் பார்த்தான். "என் மேலயா?"

"ம்."

"நான் எதுனா சொன்னனா?"

"கை நடுங்குதுன்னே."

"நீ?"

"நடிக்காதன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் நிறுத்தாமல் இருமிக்கொண்டிருந்தார். லூயிஸ் தனக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நர்ஸ் ஒரு டம்ளர் பாலும் ரொட்டியும் வைத்துவிட்டு, "மெதுவா சாப்பிட வைங்கம்மா" என்று சொல்லிப் போனாள். கரோலின் ரொட்டியைப் பிய்த்து, பாலில் நனைத்து, அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஊசி குத்தாத கையை நீட்டினான்.

"குடு. நானே துன்றேன்."

கொடுத்தாள். கை இன்னும் நடுங்கியது. பாதி வாய்க்குள் போனது, பாதி மார்பில் விழுந்தது. அவன் மென்று விழுங்கினான்.

பிறகு இன்னொரு துண்டு கேட்டான். சாண்ட்ராவிடம் கேட்டான்.