பாதிக் கதவு

எங்கள் ஊர் நகராட்சியில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லாப் பிரிவுகளும் அடுத்த வருடத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு வரும். மன்றம் அதைப் பாதியாக வெட்டும். வெட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை. வெட்டு விழும் என்று தெரிந்ததால் எல்லோரும் இரட்டிப்பாகத்தான் கேட்பார்கள். இருபது தெருவிளக்கு வேண்டுமென்றால் நாற்பது. ஐந்து லோடு ஜல்லி வேண்டுமென்றால் பத்து. மன்றம் சிக்கனம் பிடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போகும். பிரிவுகள் வேண்டியதை வாங்கிக்கொண்டு போகும். இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லும் ஊர் வேறெங்கும் இருக்காது.

வெட்டும் வேலை நிதி உறுப்பினருடையது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊர் வைத்த பெயர் பாதி சார். தேநீர் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். தலைமுடியும் அவர் கொள்கைக்குக் கட்டுப்பட்டுப் பாதியில் நின்றுவிட்டது.

இந்த வருடம் கடைசி நாற்காலியில் ஒரு புதுமுகம். பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. வழக்கமாக வரும் கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போனார்; அந்த இடத்துக்கு ஓர் ஆள் கேட்டதில் பாதி ஆள் ஒதுக்கப்பட்டதால் இன்றுவரை யாரும் வரவில்லை. எனவே அக்காவே வந்திருந்தார். மடியில் ஒரு கறுப்புக் குடை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“என்னக்கா, மழைக்கும் சேர்த்து மனு போட்டிருக்கீங்களா?” என்றார் பக்கத்தில் இருந்த தெருவிளக்கு மேற்பார்வையாளர்.

“மழைக்கு இல்ல தம்பி. இது வேலை சாமான்.” அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். “பன்னெண்டு மணி பஸ்ஸுக்குள்ள நான் திரும்பிப் போகணும்.”

“எத்தனை கேட்டிருக்கீங்க?”

“ஒரு கதவு.”

“தேவை எத்தனைன்னு கேக்கலக்கா. எழுதினது எத்தனை?”

“ஒண்ணுதான்.”

விளக்குக்காரர் முகத்தில் வெளிச்சம் போயிற்று. “ஐயையோ! இந்தாங்க பேனா, சட்டுனு ரெண்டாக்குங்க…”

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாதி சார் மனுவை வாங்கினார். தலை நிமிராமல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். “அரைக் கதவு. அடுத்தது யாரு?”

அக்கா நகரவில்லை. “சார், எந்தப் பாதி?”

“என்னம்மா?”

“மேல் பாதியா, கீழ்ப் பாதியா? தச்சர் கேப்பாரில்ல.”

நாற்காலிகள் சிரித்தன. ஆனால் கேள்வி முறையாகக் கேட்கப்பட்டுவிட்டதால் மன்றம் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழ்ப் பாதி போட்டால் முகம் தெரியும். மேல் பாதி போட்டால் முகம் தவிர மற்றது தெரியும். “முகம் தெரிஞ்சா நல்லதுதானே, உள்ள ஆள் இருக்கான்னு தட்டிப் பாக்க வேண்டியதில்ல” என்று ஓர் உறுப்பினர் நிர்வாக வசதியை எடுத்துச் சொன்னார். எதிரே இருந்த பெண் உறுப்பினர் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நகராட்சித் தலைவர் கேட்டார்: “கதவு எப்பம்மா போச்சு?”

“எட்டு மாசமாச்சுங்க. மழையில இத்துப்போச்சு. என்ஜினியர் வந்து பாத்தாரு. கதவு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு.”

“இப்போ எப்படிச் சமாளிக்கிறீங்க?”

அக்கா குடையை விரித்தார். மன்றத்தின் நடுவில், படுக்கை வாட்டத்தில் முன்னால் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இப்படித்தாங்க. ஒருத்தி உள்ள போனா நான் இப்படி நிப்பேன். காத்தடிச்சா ரெண்டு கையும் வேணும். இப்ப நான் இங்க இருக்கேன், அங்க யாரும் போக முடியாது.”

“நீங்க போகணும்னா?” என்றார் பெண் உறுப்பினர்.

“என் பொண்ணு தையக்கடையிலிருந்து அஞ்சு மணிக்கு வருவா, அவ பிடிப்பா. அதுவரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்லைங்க.”

பாதி சார் தேநீரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

“விதின்னு ஒண்ணு இருக்கேம்மா” என்றார் தலைவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். “உங்களுக்கு முழுசா குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். ஒண்ணு பண்ணுங்க. ரெண்டுன்னு திருத்திக் குடுங்க, நாங்க பாதியாக்கிடறோம்.”

“ரெண்டு அறைதாங்க, ரெண்டுக்கும்தான் கதவில்ல. ஊருக்கே பணக் கஷ்டம்னு சொல்றாங்களே, ரெண்டு கேட்டா பேராசைன்னு நினைப்பீங்கன்னு ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன். கேட்டது கேட்டதாவே இருக்கட்டும்.”

வரிசையில் இருந்தவர்கள் தங்கள் மனுக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள். விளக்குக்காரர் கூரையில் இருந்த விளக்கை, முதல் முறை பார்ப்பதுபோல் ஆராய்ந்தார்.

பாதி சார் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், விரலைவிட்டு எண்ணினார்.

“தேவை ரெண்டு. கேட்டது ஒண்ணு. அப்போ பாதி ஏற்கெனவே வெட்டியாச்சு. ஒரு மனுவை ரெண்டு தடவை வெட்ட விதியில இடமில்ல.”

தான் கிழித்த கோட்டைத் தானே அடித்தார். பழக்கமில்லாத வேலை, காகிதம் லேசாகக் கிழிந்தது. “ஒரு கதவு. முழுசு.”

“தாழ்ப்பாள்?” என்றார் அக்கா.

“தாழ்ப்பாளோடதாம்மா! முழுத் தாழ்ப்பாள்!” பாதி சார் வாய் திறக்கும் முன் தலைவர் முந்திக்கொண்டார்.

மணி பதினொன்று ஐம்பது. அக்கா குடையை மடக்கிக்கொண்டு ஓடினார்.

கதவு வரப் பதினேழு நாள் ஆயிற்று. நீல வண்ணம், இரும்புத் தாழ்ப்பாள். அன்று காலை அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கதவைப் பார்க்க வந்த மகள், பழக்க தோஷத்தில் குடையை விரித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

பத்து நிமிடம் போயிற்று.

“அம்மா! உள்ள என்னம்மா பண்றே? பஸ் வந்துடும்.”

“ஒண்ணுமில்லடி. சும்மா நிக்கிறேன்.”

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் குடையை மடக்கினாள்.

மறுபடியும் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.